கீரிமலைக்குப் போய்வந்த காரின் இடது முன்சில்லு

முதலில் ஒரு மன்றாட்டம். இந்தப் பதிவை ஒருவருக்கும் காட்டாதீர்கள். குடும்பக் குழுக்களில் போடாதீர்கள். பருத்தித்துறையில் உங்களுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர் இருந்தாலும் போதும், அவர் வழியாக அரை மணித்தியாலத்தில் இது எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். நான் பயணக் கட்டுரை எழுதுவது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பதினோராம் வகுப்பு, சோதனை வருகிறது, பிள்ளை படிக்கிறாள் என்று நினைத்துத்தான் எனக்குத் தனி அறையும் மேசையும் தந்திருக்கிறார்கள். இப்போது இரவு பதினொன்று பத்து. போனின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு நுளம்பு வலைக்குள் இருந்து எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பருத்தித்துறையிலிருந்து கீரிமலைக்குக் காரில் போய்வந்தோம். அதே கார் இன்றிரவு ஒன்றரை மணிக்குக் கொழும்புக்குப் புறப்படப் போகிறது. அதில் என் அக்காவும் அம்மாவும் இருப்பார்கள். அந்தக் காரின் இடது முன்சில்லு பழுது. ஊகமாகச் சொல்லவில்லை. காதால் கேட்டேன், கையால் தொட்டேன், கடைசியில் கண்ணாலும் பார்த்தேன். ஆனால் ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை. அதனால் இந்தப் பதிவில் வழக்கம் போல இடங்களைப் பற்றி மட்டும் எழுத என்னால் முடியாது.

ஏன் போனோம் என்பதைச் சொல்கிறேன். அக்காவுக்குப் போன வருடம் கலியாண எழுத்து, அதாவது திருமணப் பதிவு, நடந்தது. அவளின் கணவர், என் அத்தான், கனடாவில். பதினான்கு மாதம் காத்திருந்தபின், நாளை காலை பத்தரைக்குக் கொழும்பில் விசா நேர்காணல். இந்தத் திகதி தவறினால் அடுத்தது எப்போது என்று சொல்ல ஆள் இல்லை. அதற்கு முதல்நாள் கீரிமலையில் தீர்த்தமாடி, சிவனுக்கு ஓர் அர்ச்சனை செய்ய வேண்டும் என்று அம்மா நேர்ந்திருந்தார். கொண்டுபோனவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கொக்குவிலில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் பழைய யப்பான் கார் ஒன்று வாங்கினார். பாதி பெற்றோலிலும் பாதி பற்றரியிலும் ஓடுகிற வகை.

கார் வாங்கிய கிழமையே அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். கண்ணூறு படாமல் இருக்க முன்பக்கம் எலுமிச்சம்பழமும் செத்தல் மிளகாயும் கோத்துக் கட்ட வேண்டும் என்று அம்மா சொன்னார். சாதாரண நூல் எங்கள் கடற்காற்றுக்கு ஒரு மாதம்கூட நிற்காது. அதனால் அப்பா தங்கூசியால் கட்டினார். தங்கூசி என்றால் மீன்வலை பின்னுகிற, கண்ணாடி போன்ற நைலோன் இழை. எங்கள் அப்பா கடற்தொழிலாளி. கடற்தொழில் செய்கிற ஆட்கள் தங்கூசியை வீணாக வெட்டமாட்டார்கள். கட்டி முடித்தபின் மிஞ்சிய நீளத்தை நாலு விரலில் சுற்றிச் சின்ன வளையமாக்கி, கட்டிய இடத்துக்குப் பின்னால் செருகிவிடுவார்கள், பிறகு தேவைப்படும் என்று. அப்பாவும் அப்படித்தான் செருகினார். இதை நினைவில் வைத்திருங்கள்.

காலை ஆறு பத்துக்குப் புறப்பட்டோம். காரில் ஏறும்போதே என் கோபம் தொடங்கிவிட்டது. முன்பக்க இடது சீற்றில் தடித்த பொலித்தீன் விரித்திருந்தது. அது அப்பாவுக்கு. மற்ற சீற்றுகளில் இல்லை.

"குறை நினைக்காதேங்கோ அத்தான்," என்றார் மாமா அப்பாவிடம். "சீற்றுத் துணி மணத்தைப் பிடிச்சால் பிறகு விடாது."

அப்பா இன்று காலை இரண்டு தரம் குளித்திருந்தார். வெள்ளை வேட்டி, சந்தனம். ஒரு நொடி பொலித்தீனைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஏறி இருந்தார். "நல்லதாப் போச்சு தம்பி. என்ரை வேர்வை உன்ரை காரிலை படாது." மாமாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கீரிமலை வரைக்கும் அப்பா அசைந்தபோதெல்லாம் அந்தப் பொலித்தீன் சரசரத்தது.

நான் அப்பாவுக்குப் பின்னால், இடது பக்கச் சன்னலோரம் இருந்தேன். நடுவில் அக்கா, வலது பக்கம் அம்மா. வல்வெட்டித்துறைப் பக்கம் போகிற கரையோர வீதியில் கார் முப்பத்தைந்து கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதும் ஓர் இரைச்சல் தொடங்கியது. தூரத்தில் அரிசி ஆலை ஓடுவது போன்ற, ஒரே சீரான ஊளை. ஐம்பதில் அது கூடியது. மாமா வேகத்தைக் குறைத்தால் குறைந்தது. என் பாதத்துக்குக் கீழே, இடது பக்கத்தில், கொஞ்சம் முன்னாலிருந்து வந்தது.

"மாமா, இடது பக்கச் சில்லிலை ஒரு சத்தம் கேக்குது."

"அது றோட்டுச் சத்தம் பிள்ளை."

"இது காப்பெற் போட்ட வழவழப்பான றோட்டெல்லோ மாமா."

அவர் கைக்கு எட்டிய பொத்தானைத் திருகிப் பக்திப் பாட்டை உரக்க வைத்தார். எங்கள் நாட்டில் வாகனப் பழுதுகளில் பாதி இப்படித்தான் திருத்தப்படுகிறது என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த காது அது. வீட்டில் நுளம்பு இரைவதுகூட அவருக்குக் கேட்காது.

சரி, நானே கண்டுபிடிக்கிறேன் என்று முடிவு செய்தேன். முதலில் எஞ்சினா என்று பார்த்தேன். இந்த வகைக் கார் மெதுவாகப் போகும்போது எஞ்சின் தானாக நின்று பற்றரியில் ஓடும். வல்வெட்டித்துறைச் சந்தி தாண்டியபோது அப்படி நின்றது. எஞ்சின் நின்றபிறகும் கார் உருள உருள இரைச்சல் இருந்தது. ஆகவே எஞ்சின் இல்லை. அடுத்ததாக ரயரா என்று பார்த்தேன். வீதியின் தளம் மாறினால் ரயரின் சத்தமும் மாறும். தொண்டைமானாற்றுக்குக் கிட்ட பழைய கரடான துண்டு ஒன்று வந்தது. ரயர்களின் சத்தம் மாறியது. ஊளை மாறவில்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது. தொண்டைமானாற்றில் இடது பக்கம் வளைந்து பாலத்துக்குப் போகும்போது ஊளை அடங்கிவிட்டது. பிறகு நேர்வீதியில் மறுபடி வந்தது. அச்சுவேலிச் சந்தியில் மேற்கே, அதாவது வலது பக்கம் திரும்பியபோது முன்னையதைவிட உரத்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற எல்லோருக்கும் இதன் காரணம் தெரியும். பஸ் வலது பக்கம் திரும்பினால் நாங்கள் எல்லோரும் இடது பக்கம் சாய்வோம். காரின் பாரமும் அப்படித்தான். வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சில்லில் ஏறுகிறது. பாரம் ஏறும்போது கத்துகிற சில்லுத்தான் நோயுள்ள சில்லு. சில்லுக்கு நடுவில் அது சுழல்வதற்கு ஒரு பெயாரிங் இருக்கிறது, உருக்கு உருண்டைகள் வைத்த வளையம். அது தேயத் தொடங்கினால் இப்படிக் கத்தும்.

இதை நான் காரில் சொன்னேன். மெதுவாக, மரியாதையாக, காரணத்தோடு சொன்னேன். அம்மா அக்காவைத் தாண்டிக் கை நீட்டி என் முழங்காலில் தட்டினார். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்து, வீட்டுக்கு ஒரு மெக்கானிக் கிடைத்துவிட்டது அத்தான், சீதனச் செலவு மிச்சம் என்றார்.

ஆனாலும் அவருக்குள்ளும் ஏதோ இருந்திருக்க வேண்டும். அச்சுவேலி தாண்டி, ஆறு ஐம்பத்தைந்துக்கு, காற்றடிக்கிற கடை ஒன்றில் தானாகவே நிறுத்தினார். கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், நீலச் சாரம், காதில் பென்சில். நாலு ரயருக்கும் காற்றுப் பார்த்தார். நூற்றைம்பது ரூபா. காற்றுச் சரி என்றார். நான் சன்னலைத் திறந்து, வலது பக்கம் திருப்பினால் சத்தம் கூடுகிறது என்று சொன்னேன்.

அவர் மாமாவைப் பார்த்துக் கேட்டார். "ஆர் ஓடினது, நீங்களோ பிள்ளையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் சிரித்து முடித்தபின், சில்லைக் கழற்றி இறக்கிப் பார்த்தால்தான் தெரியும், கால் மணித்தியாலம் இருங்கள் என்றும் சொன்னார். காரை உயர்த்துகிற யாக் கருவியையும் கையில் எடுத்துவிட்டார். நான் அந்த யாக்கைத் தேரைப் பார்ப்பது போலப் பார்த்தேன். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோயிலில் எட்டரைப் பூசை.

"வரேக்கை பாப்பம்," என்றார்.

திரும்பி வரும்போது, பகல் பன்னிரண்டு மணிக்கு, கடை பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. காலையில் மட்டும்தான் திறப்பார்கள். அதை யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

காலை ஏழு ஐம்பதுக்குக் கீரிமலை. எங்கள் வீட்டிலிருந்து காரின் மீற்றரில் முப்பத்திரண்டு கிலோமீற்றர். வாகனம் நிறுத்த நூறு ரூபா. நிழல் உள்ள இடம் வேண்டுமானால் எட்டு மணிக்கு முன் வாருங்கள்.

எல்லோரும் இறங்கிப் போக, நான் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து, புறங்கையை இடது முன்சில்லின் நடுவில் வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். அவ்வளவு சூடு. மறுபக்கம் போய் வலது முன்சில்லில் வைத்தேன். பத்து எண்ணும் வரை வைத்திருக்க முடிந்தது. இதை அப்பாவிடம்தான் கற்றேன். கரைக்கு வந்ததும் அவர் எஞ்சினை இப்படித்தான் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையை வைக்கக் கூடாது, சுட்டுவிட்டால் அடுத்தநாள் கயிறு பிடிக்க முடியாது என்பார்.

மாமாவைக் கூப்பிட்டு இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் தொடவில்லை. பிறேக் பிடித்தால் சில்லு சுடத்தான் செய்யும் என்றார். அது உண்மைதான். ஆனால் பிறேக் இரண்டு சில்லையும் பிடிக்கும்போது ஒன்று மட்டும் ஏன் சுட வேண்டும்? அதற்குள் அம்மா வந்துவிட்டார். என் புதுப் பாவாடையில் கறுப்புக் கிறீஸ் ஒரு விரல் நீளத்துக்குப் பட்டிருந்தது. கோயில் வாசலில் பெண்பிள்ளை சில்லுக்குக் கீழே குந்தியிருக்கிறாள், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பேசினார். சில்லு கழன்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கேணியைப் பற்றி எழுதாவிட்டால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். நன்னீர் ஊற்று, கடலுக்குப் பக்கத்தில். தண்ணீர் குளிர்ச்சி, அடி தெரியும் தெளிவு. ஆண்களின் கேணி பெரியது. அங்கே நீந்துகிறவர்கள் தலையைத் தூக்கினால் கடல் தெரியும். பெண்களின் கேணியைச் சுற்றி மதில். தலையைத் தூக்கினால் மதில்தான் தெரியும். கடலோரம் பிறந்து, கடலோரம் வந்து, மதிலைப் பார்த்துக் குளித்தேன். இன்று எனக்கு இருந்த மனநிலையில் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். உடுப்பு மாற்றுகிற இடம் இருக்கிறது, தரை வழுக்கும், சவர்க்காரம் போடாதீர்கள்.

அந்தத் தண்ணீருக்குள் நிற்கும்போதுதான் அக்கா என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"எனக்கும் கேக்குது," என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கழுத்து வரை தண்ணீருக்குள் நின்று மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வல்வெட்டித்துறையிலையே கேட்டது. நீ பேசாமல் இரு. நாளைக்கு ஒருக்கா ஓடினால் போதும். பிறகு அது கழண்டு கடலுக்கை விழட்டும்."

"அக்கா, கொழும்பு நானூறு கிலோமீற்றர் அக்கா."

"பதினாலு மாசமடி," என்றாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள். மூன்று முழுக்கு. நேர்த்திக்கு மூன்று.

அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. கேட்காதவர்களிடம் சொல்லிப் புரியவைக்கலாம். கேட்டும் கேட்காதவர்களை என்ன செய்வது?

அர்ச்சனை நன்றாக நடந்தது. வெளியே வடை எழுபது ரூபா, இளநீர் இருநூறு. அப்பா எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தார். பதினொன்று இருபதுக்குத் திரும்பினோம். நிழல் நகர்ந்து வெயிலில் நின்ற காரில் பொலித்தீன் சூடாகியிருந்தது, அப்பா அதன்மேல் தன் சால்வையை விரித்து இருந்தார். தெல்லிப்பழை தாண்டியதும் ஊளை வேறு சத்தமாக மாறியது. அம்மியில் மணலைப் போட்டு அரைப்பது போல, விட்டு விட்டு. மாமாவின் கழுத்து விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அவருக்கும் கேட்கிறது. நான் வாயைத் திறந்தேன்.

"இன்னொரு சொல்லுக் கதைச்சால் இதிலை இறக்கி விட்டிட்டுப் போடுவன்," என்றார். குரல் உயரவில்லை. மிச்ச வழியெல்லாம் நான் சில்லின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு வீடு.

அப்பா மூன்றரைக்குக் கடலுக்குப் போய்விட்டார். வெளிக்கிடும்போது, மாமா ஏசுகிறார் என்றால் காருக்கு ஏதோ என்று பயப்படுகிறார் என்று என்னிடம் சொன்னார். விடிய வந்து பார்க்கிறேன் என்றார். விடியும்போது கார் கொழும்புப் பாதையில் பாதித் தூரம் போயிருக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. அவருக்கு நாள் என்பது கரைக்கு வருகிற நேரத்தில்தான் தொடங்கும்.

மாமா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்விறாந்தையில் நித்திரை. நாலு இருபதுக்கு நான் ஒரு சாக்கை விரித்து, காருக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து, போன் வெளிச்சத்தை இடது முன்சில்லின் பின்பக்கம் அடித்தேன். சில்லு ஒரு பக்கம் திருப்பியபடி நின்றதால் உள்ளே நன்றாகத் தெரிந்தது. சில்லைச் சுழற்றுகிற தண்டு சில்லுக்குள் நுழைகிற இடத்தில், கறுப்பாக, மினுங்கலாக, விரல் தடிப்பில் ஒரு வளையம். முதலில் அது காரின் ஒரு பாகம் என்று நினைத்தேன். மரக்கறிக் கத்தியின் நுனியால் கிளறினேன். ஓர் இழை வந்தது. இழுத்தேன். இன்னும் வந்தது.

தங்கூசி. நான் இழுத்து எடுத்தது இரண்டு பாகத்துக்கு, அதாவது பன்னிரண்டு அடிக்கு மேல் இருக்கும். மிச்சம் உள்ளே இறுகி, வெட்டினாலும் வராமல் கிடக்கிறது. சுற்றிவரத் துரு நிறத்தில் கிறீஸும் மணலும். எடுத்த இழையின் நுனியில் ஒரு மிளகாய்க் காம்பு. அதற்குப் பக்கத்தில் ஒரு முடிச்சு. மூன்று சுற்று, நுனி திரும்பிச் செருகியிருக்கும். அந்த முடிச்சு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லாம் அந்த முடிச்சால்தான் கட்டியிருக்கிறது. நுளம்பு வலைகூட.

நடந்தது இதுதான். எலுமிச்சம்பழம் அழுகி விழுந்திருக்கிறது. கட்டுத் தளர்ந்து, செருகியிருந்த மிச்ச நீளம் அவிழ்ந்து, காற்றில் பின்னால் பறந்து சில்லின் தண்டில் சுற்றியிருக்கிறது. சுற்றச் சுற்ற இறுகி, பெயாரிங்கை மூடியிருக்கிற இறப்பர் வளையத்தை அறுத்திருக்கிறது. கிறீஸ் வெளியே, மண் உள்ளே. கார் மெக்கானிக் யாரும் இதை எளிதில் யோசிக்கமாட்டார். ஆனால் கடற்கரையில் இது எல்லோருக்கும் தெரிந்த வியாதி. அறுந்த தங்கூசி படகு எஞ்சினில் தண்ணீருக்குள் சுழல்கிற காற்றாடிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டால் இதேபோல இறப்பரை அறுத்து, ஒயிலை வெளியே விட்டு, உப்புத்தண்ணீரை உள்ளே விடும். அப்பா கிழமைக்கு ஒருமுறை காற்றாடியைக் கழற்றித் தங்கூசி இருக்கிறதா என்று பார்ப்பார். எஞ்சினுக்கு அவ்வளவு கவனமாக இருக்கிற அதே கை, காருக்கு அந்தத் தங்கூசியையே கட்டிவிட்டது.

சாக்கில் இருந்து எழும்பினேன். மாமா விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை நீட்டிக் காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். காலை முழுக்க எனக்கு வேண்டியிருந்த சான்று அது. நான் கையை மூடிக்கொண்டேன்.

"கொக்காவின்ரை வாழ்க்கையைக் கெடுக்கப் பாக்கிறியோ நீ?" என்று கேட்டார்.

அக்காவுக்கு அப்படிச் செய்யமாட்டேன் என்றேன். இனிமேல் காருக்குக் கிட்டப் போனால் போனைப் பறித்து அம்மாவிடம் கொடுத்துவிடுவேன் என்றார். போய்விட்டேன். ஏன் காட்டவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த முடிச்சைக் காட்டினால் மாமா முதலில் பார்ப்பது சில்லை அல்ல, அப்பாவை. மணக்கிறவர், பொலித்தீனில் இருக்கிறவர், இப்போது காரையும் பழுதாக்கியவர். அதைக் கேட்டு அப்பா மறுபடியும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை இன்று இரண்டாம் தரம் பார்க்க என்னால் முடியவில்லை.

அது என் பிழை. மாலை நாலு இருபதுக்குச் சொல்லியிருந்தால் ஏழு மணி இரவு பஸ்ஸில் அக்காவும் அம்மாவும் போயிருக்கலாம். மற்ற எல்லோர்மேலும் கோபப்பட்டு இவ்வளவு எழுதியவள் இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒன்பது மணிக்குச் செல்வம் அண்ணைக்குச் செய்தி அனுப்பினேன். நெல்லியடியில் வாடகை வான் ஓடுகிறவர், மன்னார்ப் பயணப் பதிவில் வந்தாரே, அவர்தான். கொழும்புக்குப் போக நாற்பத்தெட்டாயிரம் ரூபா, வான் நிற்கிறது என்று பதில் போட்டார். இரவு ஒன்றரைக்கு வரச் சொன்னேன். அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன். "தங்கச்சி, ஒரு மணிக்கு முன்னம் வீட்டிலை பெரியாக்கள் ஆராவது போன் எடுத்துச் சொல்லட்டும். சின்னப்பிள்ளையின்ரை சொல்லுக்கு வான் எடுக்கேலாது." அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இன்று இந்தத் தீபகற்பத்தில் பெரியாக்கள் எல்லோரும் சேர்ந்து செய்தது என்ன? ஒருவர் பாட்டை உரக்க வைத்தார், ஒருவர் முழங்காலில் தட்டினார், ஒருவர் முழுகிவிட்டார்.

பத்து மணிக்கு, எல்லோரும் படுத்தபிறகு, நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியிலிருந்து காரின் திறப்பை, அதாவது சாவியை, எடுத்துவிட்டேன். இப்போது அது என் கொம்பாஸ் பெட்டிக்குள், பாகைமானிக்குக் கீழே இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் களவுப் பொருள்.

பயணம் போக இருக்கிறவர்களுக்கு, எனக்கு இன்று தெரியவந்ததைச் சொல்லிவிடுகிறேன். வாடகைக் காரோ சொந்தக் காரோ, ஓடும்போது சில்லுப் பக்கம் ஊளை கேட்டால் முதலில் பாட்டை நிறுத்துங்கள். வேகத்தோடு கூடிக் குறைகிறதா என்று கேளுங்கள். ஆள் இல்லாத வெளியில் மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் திரும்பும்போது உரக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கச் சில்லைச் சந்தேகியுங்கள். நிறுத்தியபின் இரண்டு பக்கமும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் இறக்கிப் பார்க்காமல் தூரம் போகாதீர்கள். ஊளை அரைக்கிற சத்தமாக மாறினால் பக்கத்து ஊருக்குக்கூடப் போகாதீர்கள். கடற்கரைப் பக்கம் வந்து போன கார் என்றால் சில்லின் பின்பக்கம் வெளிச்சம் அடித்துத் தங்கூசி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். எலுமிச்சம்பழம் கட்டுவது உங்கள் விருப்பம். கட்டினால் பருத்தி நூலால் கட்டுங்கள், அறுந்தால் அறுந்துபோகட்டும். கீரிமலைக்குப் பஸ்ஸிலும் போகலாம், யாழ்ப்பாண நகரத்துக்கு வந்து மாறி ஏற வேண்டும். நேரம் இரண்டு மடங்கு. கட்டணம் அடிக்கடி மாறுவதால் எழுதவில்லை. காருக்குள் யார் சொன்னாலும், அந்த ஆளுக்கு எத்தனை வயது என்று பார்க்காமல், ஒருமுறை நிறுத்திக் கேளுங்கள்.

அப்பாவின் போனுக்கு எடுத்துப் பார்த்தேன். கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் சிக்னல் இல்லை. குரல் செய்தி ஒன்று விட்டிருக்கிறேன். அப்பா, நீங்கள் கட்டிய தங்கூசிதான், கோபிக்காதேங்கோ, நான் சொல்லப் போறன் என்று.

இப்போது பன்னிரண்டு இருபது. செல்வம் அண்ணைக்குச் சொல்ல இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. விறாந்தையில் வெளிச்சம் போட்டுவிட்டார்கள். அம்மா தேத்தண்ணீருக்கு வைக்கிறார், கேத்தல் மூடி கேட்கிறது. ஆணிக்குக் கிட்ட யாரோ சுவரைத் தடவுகிறார்கள். நாட்காட்டி ஆடிச் சுவரில் தட்டுவது கேட்கிறது.

யார் வந்தாலும் திறப்பை முதலில் கொடுக்கமாட்டேன். தங்கூசியைத்தான் முதலில் நீட்டுவேன். மிளகாய்க் காம்போடு, முடிச்சோடு. இது அப்பா கட்டியது என்று நானே சொல்வேன், மாமா கண்டுபிடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன். அப்பாவைப் பற்றி அவர் ஏதாவது சொன்னால் பொலித்தீனைப் பற்றி நானும் சொல்வேன். பிறகு வானுக்குப் போன் எடுக்கச் சொல்வேன். அக்கா பத்தரைக்கு அங்கே இருப்பாள். வானில் போனாலும் பத்தரைக்குப் போய்ச்சேரலாம். எனக்குப் பயம்தான். ஆனால் பயத்தை விட

கதவில் தட்டுகிறார்கள். மாமா. திறப்பைக் கண்டனியோ பிள்ளை என்று கேட்கிறார்.

ஓம் கண்டனான் என்று சொல்லிவிட்டேன். தங்கூசி கையில் இருக்கிறது, கதவைத் திறக்கப் போகிறேன்.